பவளன் மன்னிப்புக் கேட்ட புதன்கிழமை

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை மாலை.

சென்னை மாநகரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கடலும் கப்பலும் உற்பத்தி செய்துகொண்டிருக்கும் என் அக்காள் மகள் சௌந்தர்யாவுக்கு, ஆம்பூர்க் காலணிப் பேரரசின் குழந்தைகள் பிரிவில் மேசை எண் நான்கின் பாதி அதிபதியும் உன் தாய்மாமனுமாகிய ஆதிகேசவன் இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வதித்து எழுதுவது. ஒரு கையில் காபி டம்ளர் இருப்பதால் ஆசீர்வாதத்தை ஒன்றரைக் கை என்று கணக்கு வைத்துக்கொள். இங்கே நானும் உன் அத்தை அமிர்தவள்ளியும் நலம். அங்கே உன் நலமும், நீ கதை எழுதும் பவளனின் நலமும், அவன் கப்பலின் நலமும், கப்பலில் இருக்கும் நண்டின் நலமும் அறிய ஆவலாயிருக்கிறோம்.

முதலில் ஒரு சத்தியம் செய்துவிடுகிறேன். நான் எழுதப்போவதை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. பாலாற்றில் கப்பல் போகிறது என்று எழுதினால்கூட, மழைக்காலமாச்சே, போனாலும் போயிருக்கும் என்று நீ ஒரு நிமிடம் யோசிப்பாய். இதற்கு அந்த ஒரு நிமிடமும் கிடைக்காது. ஆகவே நம்ப முயற்சி பண்ணி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் படித்துக்கொண்டே போ. வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பவளனைப் பற்றி நான் அனுப்பிய பதினான்கு குரல் செய்திகளுக்குப் பிறகு (ஒவ்வொன்றும் வெறும் பதினொரு நிமிடம்) நீ என்னை மியூட்டில் போட்டுவிட்டாய் என்று உன் அம்மா செண்பகம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். காகிதத்தை மியூட்டில் போட இன்னும் எவனும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால் தபால். பயப்படாதே, இந்தத் தடவை புகார் இல்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். எதற்கு நன்றி என்று புரிய, எனக்கு வந்த கேடு முழுவதையும் நீ கேட்டாக வேண்டும்.

பவளனைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீயே இரண்டு வருடமாக அவனை எழுதுகிறவள். இருந்தாலும் வழக்கை முறைப்படி வைக்கிறேன். "பாய்மரப் பவளன்" என்கிற அந்தக் கார்ட்டூன் ஆரம்பித்துப் பதினாறு வருடம். வாரத்துக்கு ஒன்று, புதன்கிழமை மதியம் ஒரு மணி. காணாமல்போன அப்பாவைத் தேடி அவன் கப்பலேறியபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கும் பன்னிரண்டு. அதே மஞ்சள் சட்டை, அதே கலைந்த தலை. எங்கள் ஊருக்கு வருகிற ஆட்டுத்தோல் ஒரே மாதத்தில் ஊறி, பதமாகி, சாயமேறி, பூட்ஸாகி ஜெர்மனிக்குக் கப்பலேறிவிடுகிறது. இவன் பதினாறு வருடமாகக் கப்பலிலேயே இருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. தாடி வைத்தவன் எவன் வந்து வரைபடம் நீட்டினாலும் நம்புகிறான். எண்ணூறு அத்தியாயத்தில் எண்ணூறு தாடி, எண்ணூறும் மோசடி, எண்ணூற்றோராவது தாடியைப் பார்த்ததும் இவன் கண் மலர்கிறது. அவனுக்கு எதிரியாக வந்த கரிமூக்கன்கூட ஆளாகிவிட்டான். ஒரு கண்ணை இழந்தான், நீச்சல் கற்றான், கொள்ளைத் தொழிலை விட்டான், மகளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்துப் பந்தலில் அழுதான். அன்றைக்கு எங்கள் கேன்டீனில் மூன்று பேர் சாம்பாரில் கண்ணீர் விட்டார்கள், உப்பு ஜாஸ்தியாகிவிட்டது என்று சமையல்காரருக்கு மெமோ போனது. பவளன் மட்டும் தப்பு செய்வான், சிரிப்பான், அடுத்த தீவுக்குப் போய்விடுவான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்தது கிடையாது. அதற்கென்று நண்டு நல்லம்மா இருக்கிறாள். அவன் குடிசையைக் கொளுத்திவிட்டு ஓடினால் அவள் பின்னாலேயே போய் இரண்டு கொடுக்கையும் கூப்பி, "சின்னப் பையன், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்பாள். தீவுக்காரர்களும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குக் குடிசை மலிவு போலிருக்கிறது.

இதையெல்லாம் பதினாறு வருடமாக நான் தனியாகவா பார்த்தேன்? என் மேசையின் மறுபாதி அதிபதி அப்துல் வஹீத்தோடு பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில், ஒரே மணியில், ஒரே பேனாவை வாங்கி நாங்கள் இருவரும் கம்பெனியில் கையெழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து மேசை எண் நான்கில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். லைனிலிருந்து குழந்தைகள் ஷூ இறங்கி வரும். திருப்பிப் பார்ப்போம், மடக்கிப் பார்ப்போம், தையலில் விரலை ஓட்டுவோம். குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு ஒட்டினது ரீவொர்க்குக்கு, அதாவது மறுபடி சரிபண்ண, திரும்பிப் போகும், ஒட்டாதது பெட்டிக்குள் போகும். அவ்வளவுதான் எங்கள் ராஜாங்கம். மதியம் ஒரு மணிக்கு வஹீத் தன் செல்போனை ஒரு ஷூவின் மேல் சாய்த்து வைப்பான், நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன், இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று மூன்று வயதாகிற நாங்கள் பவளனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டுவோம். திட்டுகிறதற்காகவே பார்த்தோம். அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது.

இனி என் கேடு. அம்பு ஸ்டிக்கரை ஷூவில் மட்டும் ஒட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் என் விரலுக்கு அது தெரியாது. லைன் மேனேஜர் ஜான்சன் சாரின் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கிறேன், கேன்டீன் இட்லியில் ஒட்டியிருக்கிறேன், ஒரு தடவை முதலாளி கழற்றி வைத்திருந்த சொந்தச் செருப்பில் ஒட்டி ரீவொர்க்குக்கு அனுப்பிவிட்டேன், அவர் வெறுங்காலோடு வெளிநாட்டுக்காரரை வரவேற்றார், எனக்கு மூன்றாவது மெமோ வந்தது. கோபித்துக்கொண்டவர்களிடம் ஒவ்வொரு தடவையும் வஹீத்தான் போய், விளையாட்டுப் புத்தி, உள்ளே ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்லிவிட்டு வருவான். நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

பொங்கலுக்கு மறுவாரம் ஆண்டு விழா. கல்யாண மண்டபத்தில் அறுநூறு பேர். இருபது வருடம் ஒரு மெமோகூட வாங்காத ஊழியர் என்று வஹீத்துக்கு மெடல். அவன் சம்சாரம் அஜீஸுன்னிசா அண்ணி இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பாவில் வந்திருந்தான், மடிப்பு ஒவ்வொன்றிலும் காய்கறி நறுக்கலாம். அண்ணியும் மகள் ஹுமேராவும் இரண்டாவது வரிசையில். மைக்கில் பெயர் கூப்பிட்டதும் எழுந்தான். எழுந்தவனை நான் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்தத் தட்டலில் ஒரு சிவப்பு அம்பு இருந்தது. மேடைக்குப் போனான், மெடல் வாங்கினான், முதலாளிக்குக் குனிந்து சலாம் வைத்தான். முதுகு எங்கள் பக்கம் திரும்பியது. வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு அம்பு, ரிஜெக்ட். கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த அம்பு என்னவென்று தெரியும். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அவன் அதைக் கைதட்டல் என்று நினைத்து இன்னொரு தரம் குனிந்தான். ஹுமேராதான் மேடையேறிப் பிய்த்தெடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அம்பைப் பார்த்தான், பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் சொன்னது மன்னிப்பு இல்லை. பசை சரியில்லை, மேடைக்குப் போவதற்குள் விழுந்துவிடும் என்று நினைத்தேன் என்றேன். வஹீத் பதில் பேசவில்லை. அடுத்த ஐந்து மாதமும் பேசவில்லை. சமாதானம் சொல்ல வஹீத்தை அனுப்பலாம் என்றால் கோபித்துக்கொண்டவனே வஹீத். ஒரே மேசை, ஒரே விளக்கு, பேச்சு இல்லை. அம்புகள்தான் பேசிக்கொண்டன. நான் ஒட்டியதை அவன் பிய்ப்பான், அவன் ஒட்டியதை நான் பிய்ப்பேன். ஒரு சின்னக் குழந்தையின் ஷூ எங்களுக்கு நடுவில் நாற்பது தடவை போய்வந்து, பாஸாகிப் பெட்டிக்குள் போவதற்குள் அந்தக் குழந்தை காலேஜில் சேர்ந்துவிட்டது என்று கேள்வி. ரம்ஜானுக்கு வருடா வருடம் அவர்கள் வீட்டிலிருந்து வரும் பிரியாணி வாளி இந்த வருடம் வரவில்லை. உன் அத்தை மூன்று மணி வரை அடுப்பு மூட்டாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு ரசம் ஊற்றினாள். அவள் பேசவில்லை, ரசம் பேசியது.

அந்த நாட்களில்தான் உனக்கு அந்தப் பதினான்கு குரல் செய்திகளும் வந்தன. பவளனைத் திட்டத் துணை போய்விட்டது, தனியாகத் திட்டினால் பைத்தியம் என்பார்கள், ஆகவே உன்னிடம் திட்டினேன். பதினாறு வருடத்தில் இந்தப் பையன் ஒரு தரமாவது மன்னிப்புக் கேட்டானா, தான் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியுமா, தெரிந்தும் இளிக்கிறானா, இவனையெல்லாம் நாயகன் என்று வைத்துக்கொண்டு ஒரு தொடரா, உனக்கு வெட்கமாயில்லையா என்றெல்லாம் முழங்கினேன். நீ ஒரே ஒரு வரி பதில் போட்டாய். அதை நான் செல்போனிலிருந்து ஒரு காலண்டர் தாளில் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறேன். "பவளன் தானா கேக்கணும்னா, நண்டு ஒரு எபிசோடு வாயத் திறக்கக் கூடாது மாமா." நல்ல யோசனை என்று நினைத்தேன். அது யாரைப் பற்றிய யோசனை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூளை மூன்றாம் தரத் தோல், தண்ணீர் இறங்க நேரமாகும்.

ஜூன் மாதக் கடைசியில் ஜான்சன் சார் என்னைக் கூப்பிட்டு, வஹீத் எழுதிக் கொடுத்திருக்கிறார், வருகிற திங்கள் முதல் ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார் என்றார். காரணம் என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன். வெளிச்சம் போதவில்லையாம். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் பஸ்ஸில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதன் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கத் தயாராக இருக்கிறான், என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு மட்டுமில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. இது மிகைப்படுத்தல் இல்லை, உன் அத்தையைக் கேள்.

அதற்கு மறுநாள்தான் புதன்கிழமை. ஒரு மணி. அவன் மேசையின் அந்தப் பக்கம் தன் போனில் பார்க்கிறான், நான் இந்தப் பக்கம் என் போனில். அவனுடையது விலை ஜாஸ்தியான போன், என்னுடையது கம்மி. அதனால் ஒரே படம் அவனுக்கு மூன்று விநாடி முன்னால் வந்துவிடும். ஐந்து மாதமாக இதுதான் எனக்கு நரகம். அவன் முதலில் சிரிப்பான், இன்னும் நடக்காத நகைச்சுவைக்காக நான் மூன்று விநாடி காத்திருப்பேன். அன்றைக்கு உன் அத்தியாயம் ஆரம்பித்தது. கடல் நண்டுகளின் மாநாடு. நல்லம்மாவுக்கு மூத்த நண்டு என்று பட்டம் கட்டுகிறார்கள். மேடையேறுவதற்கு முன்னால் பவளன் அவள் பின்காலில் ஒரு சலங்கையைக் கட்டிவிடுகிறான். அவள் அடியெடுத்து வைக்க வைக்கச் சலங்கை குலுங்குகிறது, ஆயிரம் நண்டும் சிரிக்கிறது. நல்லம்மா சிரிப்பென்று தெரியாமல் கொடுக்கை உயர்த்தி நன்றி சொல்கிறாள்.

அடிப் பாவி, என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வாணியம்பாடி கோர்ட்டில் உன்மேல் கேஸ் போடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு அத்தியாயம் செய்ய நாலு மாதம் ஆகும் என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் அந்த மண்டபத்துச் சங்கதி உனக்கு அப்போதே எப்படி வந்தது? சாயங்காலம் உன் அத்தையைக் கேட்டேன். மிக்ஸி ஓடுகிறது, காது கேட்கவில்லை என்றாள். மிக்ஸி ஓடவில்லை.

மதியத்துக்குத் திரும்பி வருகிறேன். நிமிர்ந்தால் வஹீத்துக்கும் புரிந்துவிட்டது தெரிந்தது. கையில் இருந்த சப்பாத்தி கையிலேயே இருந்தது. இரண்டு பேரும் போனை அணைக்கவில்லை. நல்லம்மா கப்பலை விட்டு இறங்கிப் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பவளன் வழக்கப்படி சிரித்துக்கொண்டே வருகிறான், முத்து கொண்டுவருகிறான், நீ தப்பா எடுத்துக்கிட்ட என்கிறான், சலங்கை தானாக அவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன் என்கிறான். நண்டு வாயைத் திறக்கவில்லை. இவனுக்காகப் பேச அந்தத் தீவில் வேறு ஆளே இல்லை. அப்புறம் பவளன் பாறைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். அவ்வளவுதான் என் போனில் தெரிந்தது. அதற்குள் எதிரே வஹீத் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். அவனுக்கு எதுவோ வந்துசேர்ந்துவிட்டது, எனக்கு இன்னும் வரவில்லை. அந்த மூன்று விநாடியும் நான் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். ஐந்து மாதத்தில் நான் அந்த முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு என் போனில் பவளன் சொன்னான்:

"நான் பண்ணது தப்பு நல்லம்மா. நீ அங்க சிரிக்கலன்னு நான் பாத்தேன். பாத்துட்டும் சிரிச்சேன்."

மருமகளே, பதினாறு வருடம் வளராத ஒரு பையன் இருபத்திரண்டு நிமிடத்தில் என்னைத் தாண்டி வளர்ந்துவிட்டான். ஒரு கார்ட்டூன் பொம்மையைவிடப் பின்தங்கிய நிலையில் நான் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். சரி, நாமும் வளர்ந்துவிடுவோம் என்று குனிந்து, மாஃப் பண்ணிடு வஹீத் என்று மெதுவாகச் சொன்னேன். ரொம்ப மெதுவாக. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஷூவைப் பார்ப்பது போல என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரீவொர்க்," என்றான். "அறுநூறு பேர் பாத்தாங்க. நீ இன்னா, என் ஒருத்தன் காதுல வந்து சொல்றே."

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டான். ஐந்து மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சந்தோஷப்படுவதா நடுங்குவதா என்று தெரியவில்லை, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன்.

எங்கள் கம்பெனியில் காலை எட்டேகாலுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா லைனும் நிற்கும், தர ஆய்வாளர் ஒருத்தர் மைக்கைப் பிடித்து நேற்றைய குறைகளைப் படிக்க வேண்டும். குறை எது, எங்கே, யார் பொறுப்பு, காரணம் என்ன, திருத்தம் என்ன, இந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். அந்த வாரம் என் முறை. வியாழக்கிழமை மைக்கைப் பிடித்தேன். சொல்லிவிடுவது என்றுதான் பிடித்தேன். எதிரே மூன்றாவது வரிசையில் வஹீத். நாக்கு வழக்கப்படி வழுக்கிவிட்டது. நேற்று ஒரு ஷூ தானாகவே நடந்து ரீவொர்க்குக்குப் போய்விட்டது என்று ஒரு கதை விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வஹீத் மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று வீட்டில் படுத்தேன். உன் அத்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அங்க கை வெக்க முடியாது, எழுந்து போங்க," என்றாள். போகவில்லை. மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒரு நாள். திங்கட்கிழமை அவன் ராணிப்பேட்டை பஸ்ஸில் ஏறிவிடுவான்.

சனிக்கிழமை மைக்கைக் கையில் வாங்கியதுமே அறுநூறு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடமாகப் பொய்யும் புளுகுமாகச் சொல்லிச் சிரிக்கவைத்தவனுக்கு வருகிற தண்டனை இதுதான் போலிருக்கிறது. நிஜம் சொல்ல ஏறினால் அதற்கும் முன்பணமாகச் சிரித்துவிடுகிறார்கள். குறை, ஒரு சிவப்பு அம்பு என்று ஆரம்பித்தேன், சிரிப்பு. இடம், வஹீத்தின் முதுகு என்றேன், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஜான்சன் சார் மைக்கைப் பிடுங்க ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். பொறுப்பு நான், ஒட்டியது நான் என்றேன், பின்வரிசையில் எவனோ விசிலடித்தான். காரணம் என்ற இடம் வந்தது. காகிதத்தில் நான் விளையாட்டுப் புத்தி என்றுதான் எழுதி வைத்திருந்தேன். வாய் அதைப் படிக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேந்தோம். அவனுக்கு மெடல் குடுத்தாங்க, எனக்குக் குடுக்கல. அது பொறுக்கல எனக்கு. அதான் ஒட்டினேன்."

சிரிப்பு அங்கங்கே நின்றது. சில பேர் இதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். திருத்தம் என்ன என்று சொல்ல வேண்டிய இடத்தில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். மைக் மட்டும் கொர்ரென்றது. அன்றைக்கு மண்டபத்தில் அவன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நான் சிரித்தேன், மாஃப் பண்ணிடுங்க வஹீத் பாய் என்றேன். இருபது வருடத்தில் அவனை நான் பாய் என்று கூப்பிட்டது கிடையாது. பின்னால் மறுபடியும் ஒரு கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அப்போது வஹீத் மூன்றாவது வரிசையிலிருந்து நடந்து வந்தான். என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். அறுநூறு பேரும் அடங்கிவிட்டார்கள், அவன் மைக்கில் பேசியே யாரும் கேட்டதில்லை.

"சிரிக்காதீங்கப்பா," என்றான். "இருவது வருசத்துல இவன் வாயிலேர்ந்து வந்த மொத நெசம் இது. தையல் கொஞ்சம் கோணல்தான். பரவால்ல, நான் பாஸ் பண்ணிட்டேன்."

அதோடு மைக்கை ஜான்சன் சாரிடம் கொடுத்துவிட்டு லைனுக்குப் போய்விட்டான். கட்டிப்பிடிக்கவில்லை, கை கொடுக்கவில்லை. முதுகில் தட்டும் உரிமையை நான் இழந்துவிட்டேன் என்பதால் நானும் சும்மா நின்றேன். திங்கட்கிழமை காலையில் மேசை எண் நான்கில் விளக்கைப் போட்டுவிட்டு எதிர் நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ராணிப்பேட்டை என்ன ஆச்சு என்று கேட்கத் தைரியமில்லாமல் ஒரு ஷூவை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனாகவே சொன்னான்: "ராணிப்பேட்டைக்கு எவன் போவான் தோஸ்த். பஸ்ஸுல ஒரே பேஜாரு. உக்கார எடம் கெடைக்காது."

நன்றி சொல்வது என்றால் நம் குடும்பத்தில் கொஞ்சம் தகராறுதான், நாங்கள் பதிலுக்கு ஒரு பலாப்பழம் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஜாதி. இந்தத் தடவை பலாப்பழத்தையும் அனுப்புகிறேன், வாயாலும் சொல்கிறேன். நீ அந்தப் பையனை வளர்த்துவிட்டதற்கு நன்றி. எங்கேயோ ஒரு மண்டபத்தில் நடந்த அசிங்கத்தை எடுத்துக் கடலில் போட்டு, அதில் என்னை நானே பார்க்கும்படி செய்ததற்கு நன்றி. என்னைத் திட்டாமல், அறிவுரை சொல்லாமல், ஒரு நண்டின் வாயை மூடினாய் பார், அந்தச் சாமர்த்தியத்துக்குத் தனியாக ஒரு நன்றி. உன் அத்தைக்கு மிக்ஸி ஓட்டியதற்கு நான் இங்கேயே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

என் அக்காள் செண்பகத்துக்கு என் வணக்கம், முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன் என்று சொல். மச்சானுக்கும் வணக்கம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணாடி போட்டு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து எழுதி, உன் கப்பல் புயலுக்கும் பாறைக்கும் சென்னை டிராஃபிக்குக்கும் தப்பிக் கரை சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மிச்சமிருந்த அரைக் கையையும் (காபி தீர்ந்துவிட்டது) சேர்த்து முழுசாக ஆசீர்வதிக்கும்,

உன் மாமன்,
ஆதிகேசவன்.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன்னால் வஹீத்திடம் படித்துக் காட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, சில திருத்தங்கள். ஆண்டு விழாவில் அறுநூறு பேர் இல்லை, எங்கள் பிரிவு மட்டும்தான், எழுபத்திரண்டு பேர். சனிக்கிழமை மைக்கில் கொர்ரென்று சத்தம் வந்ததாக எழுதியிருக்கிறேன், வந்திருக்காது, ஏனென்றால் அன்றைக்குக் கரண்ட் இல்லை, முன்னால் மூன்று வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. எவனும் விசிலடிக்கவில்லை. முதலாளி வெறுங்காலோடு யாரையும் வரவேற்கவில்லை, கேன்டீன் சாம்பாரில் உப்பு எப்போதும்போலக் கம்மிதான். வஹீத் மாற்றல் எழுதிக் கொடுத்தது உண்மையே, ஆனால் கம்பெனி அதை வியாழக்கிழமையே நிராகரித்துவிட்டதாம், இந்தப் பாவி சனிக்கிழமை வரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. பலாப்பழம் வாங்கவில்லை, விலை கேட்டேன், வந்துவிட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியம்: பவளனைத் தயவுசெய்து பழையபடியே ஆக்கிவிடு. ஒரு வாரம் வளர்ந்தது போதும். இன்னும் ஒரு தடவை அவன் ஒழுங்காக நடந்துகொண்டால் புதன்கிழமை மதியம் எங்கள் இரண்டு பேருக்கும் திட்ட ஒன்றும் இருக்காது, சோறு இறங்காது. தாடிக்காரர்களை உடனே வரவழை. இதை வஹீத்தும் வற்புறுத்திச் சொல்லச் சொன்னான்.

காரணம் என்று ஒன்று சொன்னேனே, மெடல் விஷயம். அது மட்டும் நிஜம். உன் அத்தைக்கு நான் இன்னும் அதைச் சொல்லவில்லை.